எல்லை தாண்டினால் செல்லுமோ?

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கும் எங்கள் வாகனக் காப்புறுதி அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் தன் காரின் காப்புறுதியைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஒருமுறை வருவார். திருகோணமலை வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருப்பார். கார்ச் சாவியைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருப்பார். முதல் தடவை, வேலை முடிந்து எழும்பும்போது கேட்டார்.

“எல்லை தாண்டினா இது செல்லுமோ, தம்பி?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க ஐயா தாண்டுறது? சுத்திவரக் கடலெல்லே.”

“ஓம், தெரியும். லண்டனில இருக்கேக்க, பிரான்சில இருக்கிற மகளிட்டக் காரில போக முதல் இப்பிடித்தான் கேக்கிறனான். எத்தினை நாள் நிப்பீங்கள் எண்டு அங்கத்தைய காப்புறுதிக்காரர் கேப்பாங்கள். இப்ப அவள் என்னோட கதைக்கிறேல்ல. ஆனா எனக்குக் கேட்டுப் பழகிப்போச்சு.”

ஏன் கதைப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவர் அதையே கேட்டார். நானும் “செல்லாது ஐயா” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய், ஊருக்குள் திரிந்து வாசலில் வந்து நிற்கும் மான்கள் விலகும்வரை காருக்குள் காத்திருப்பார்.

போன கிழமை வந்தவர் எதுவும் கேட்காமலே கதவடிக்குப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, எத்தினை நாள் நிப்பீங்கள்?”

திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

“அவள் நிக்கச் சொன்னாளெண்டா,” என்றார், “ஒரு கிழமை.”