நூறு மில்லிமீட்டருக்கு மேல்

என் மனைவியின் இடது கெண்டைக்காலின் தடிமனை நாற்பத்தொரு நாள் தொடர்ந்து அளந்து எழுதினேன். வீக்கம் கூடினால் உடனே மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், கூடாவிட்டால் மாத்திரையே போதும் என்று மஞ்சூர் டாக்டர் சொல்லியிருந்தார். கூடுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். அதை எப்படிச் செய்தேன் என்று எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். இது நான்காவது முறை.

அளந்த கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் ஒரே தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்தவன். பச்சை இலையைக் கடித்து நொறுக்குபவை ஜோடி ஜோடியாகச் சுற்றும் பல் ரோலர்கள். பல் மழுங்கினால் புதுப் பல் வெட்டுவோம். வெட்ட வெட்ட ரோலர் இளைக்கும். ஜோடியில் ஒன்று மட்டும் மெலிந்து போனால் தூள் கெட்டுவிடும். அதனால் ரோலர் தடிமனை அளப்பது என் வேலையில் பாதி. இரண்டு வாய்க்கு நடுவில் பொருளை வைத்துத் தடிமன் பார்க்கும் பேக்டரியின் பெரிய காலிப்பர் ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழுந்து வாய் கோணிக்கொண்டது. தேயிலை விலை சரிந்து, வாரம் ஆறு நாள் ஓடிய மெஷின் நான்கு நாளாகக் குறைந்திருந்த சமயம் அது. புதிது வேண்டும் என்று கேட்டதற்கு, "இருக்கறத வெச்சு ஓட்டுங்க பிட்டர்" என்றார் முதலாளி.

என்னிடம் இருந்தது, கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை செய்யும் மகன் வாங்கித் தந்த சின்ன டிஜிட்டல் காலிப்பர். அது நூற்றைம்பது மில்லிமீட்டர் வரைக்கும்தான் விரியும். ரோலரோ இருநூறை ஒட்டி இருக்கும். நான்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து அதை நீட்டினேன். காலிப்பரின் வாயில் துளை போடக் கூடாது, அது கடினமான இரும்பு, விண்டுவிடும். அதனால் இரண்டு அலுமினியப் பட்டைகளை அறுத்து, மடித்து, வாய்க்கு ஒன்றாகத் திருகு வைத்து இறுக்கினேன். காலிப்பர் மூடியிருக்கும்போதே இந்த இரண்டு நீளக் கைகளுக்கும் நடுவில் நூறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சரியாக நூறு நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டை அரம் போட்டுத் தேய்த்துச் செய்து, அதைக் கைகளுக்கு நடுவில் வைத்து, பூஜ்யம் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு திரை காட்டுவதெல்லாம் நூறுக்கு மேல் எவ்வளவு என்பது. பதினெட்டு என்று காட்டினால் நூற்றுப் பதினெட்டு.

இரும்புத் துண்டை அரம் போடும்போது மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டாம புடி புள்ள."

"நான் எங்கீங்க ஆட்டறேன்? குளுரு ஆட்டுது."

பேக்டரியில் அதை முதலில் பார்த்தவர் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர். "ஏனுங்க பிட்டர், நண்டுக்குக் கொக்குக் கால் வெச்சு உட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். சிரித்தாலும் அன்று முதல் எட்டு ஜோடி ரோலரும் அதில்தான் அளக்கப்பட்டன. நீளக் கை சற்று வளைந்து கொடுக்கும் என்பதால் இரண்டாவது தசமத்தை நான் நம்புவதில்லை. முதல் தசமம் வரைக்கும் சத்தியம் செய்வேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். ஓடி முடித்த ரோலர் சூட்டில் கொஞ்சம் விரிந்திருக்கும், அந்த அளவு பொய். மறுநாள் விடிந்ததும், மெஷின் போடுவதற்கு முன்னால், ரோலர் குளிர்ந்து கிடக்கும்போது எடுப்பதுதான் அளவு. ஹெல்பர் யாராவது சாயங்காலம் அளந்து எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன்.

நான்கு நாள் மூன்றானது, மூன்று ஒன்றானது. பிறகு ஒரு திங்கட்கிழமை கேட்டைத் திறக்கவில்லை. சிறு விவசாயிகள் இலையைப் பறிக்காமலே விட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து புதராகி நின்றன. ஓடாத மெஷின் துருப்பிடிக்கும் என்ற கவலை எனக்கு. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போய், எட்டு ஜோடியையும் கையால் சுற்றி எண்ணெய் விட்டு, ஆறரைக்குத் திரும்புவேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்குக் கால் வீங்கியது. மாடிப்படி மாதிரி இருக்கும் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுப் பாதையில் ஏறும்போது மூச்சு வாங்கியது. மஞ்சூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இருதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கு. மாத்திரை தர்றேன். கால் வீக்கத்தத் தினமும் ஒரே நேரத்துல பாருங்க. ஏறுச்சுன்னா யோசிக்கவே வேண்டாம், கீழ கொண்டுபோயிருங்க" என்றார். எந்த நேரத்தில் என்று நான் கேட்கவில்லை. அளப்பதில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை விட்டுப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன், அழிய அழிய அதன் மேலேயே திரும்பப் போடுவேன். விடிந்ததும் ஆறு மணிக்கு, அவள் கட்டிலை விட்டுக் காலை இறக்குவதற்கு முன்னால், போர்வையை விலக்கி அந்தக் கோட்டில் வைத்து அளப்பேன்.

"என்னைய ரோலருன்னே நெனச்சுக்கிட்டீங்களா? அளந்துபோட்டுப் பல்லு வெட்டப் போறீங்களா?"

"சும்மா படு. எந்திரிச்சு நடந்தீன்னா அளவு மாறிப்போகும்."

"டெய்லரு டேப்பு பத்தாதுங்களா இதுக்கு?"

"துணி டேப்பு இழுத்தா நீளும்."

"உங்க நண்டு ஐஸாட்டம் இருக்குதுங்க. கொஞ்சம் அடுப்புல காட்டிப்போட்டாவது வாங்க."

முதல் நாள் பதினெட்டு புள்ளி நான்கு. மறுநாள் பதினெட்டு புள்ளி ஆறு. பத்தாம் நாள் பதினெட்டு புள்ளி ஐந்து. நாற்பது நாளும் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவிலேயே இருந்தது. மகன் வாரம் இரண்டு முறை போன் செய்து, "அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருங்கப்பா, ஒருதடவை பெரிய ஆஸ்பத்திரில காட்டிரலாம்" என்பான். "ஏறலடா. ஏறுனா நானே கூட்டிட்டு வரமாட்டனா?" என்று பதினொரு போனுக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். டாக்டரிடமும் நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க இன்ஜினியர்ங்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் சொல்லாமல் இல்லை. ஆறரைக்கு நான் திரும்பி வரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கம்பளி சாக்ஸைக் கழற்றிவிட்டுக் காட்டினாள்.

"ஏனுங்க, இதப் பாருங்க. ரப்பரு எப்படிப் பள்ளமாப் பதிஞ்சிருக்குதுன்னு. காலையில இப்படி இல்லீங்க."

"சாக்ஸு டைட்டு. துவைச்சுச் சுருங்கிப்போச்சு."

"மெட்டி கூட நவுர மாட்டீங்குது. இப்ப ஒருக்கா அளந்து பாருங்களே."

"நாள் பூரா நடந்துபோட்டு அளந்தா அது அளவே இல்ல புள்ள. காலையில பாத்துக்கலாம்."

மறுநாள் ஆறு மணிக்குப் பதினெட்டு புள்ளி ஏழு. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி போடாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அப்ப எனக்குத்தான் அப்படித் தோணுதாட்ட இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு சாயங்காலத்தில் அவள் சாக்ஸைக் கழற்றிக் காட்டவில்லை.

ஒரு தலையணையில் படுத்தவள் இரண்டு வைத்துக்கொண்டாள், பிறகு மூன்று. மூன்றாவது என்னுடையது. எண்ணிக்கை எனக்குத் தெரியும். என் தலையணையை எடுத்துக்கொண்டாளே என்று கோபித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் காலையில் பத்தொன்பது. அன்று நாலரை மணிக்கு ஐந்தாவது ஜோடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பேக்டரி வாசலில் நின்று கத்தினாள்.

"ஏனுங்க பிட்டரய்யா, அக்கா கொழாய்க்கிட்ட உழுந்துட்டாங்க! மூச்சே உட முடியலீங்க, ஓடியாங்க!"

எண்ணெய்க் கையோடு ஓடினேன். குந்தா கரண்ட் ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று கிடைத்தது. அதன் பின்சீட்டில், அவள் காலை என் மடியில் தூக்கி வைத்தபோதுதான் சாயங்காலக் காலை முதன்முதலாகக் கையால் தொட்டேன். நான் போட்ட பேனாக் கோடு இழுபட்டு வெளுத்திருந்தது. தோல் மினுமினுத்தது. கெத்தை மலை இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன். எப்போது போனாலும் எண்ணுவேன். அன்று பாதியில் விட்டுப்போயிற்று.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். வராந்தாவில் ஒரு நர்ஸ் விவரம் எழுதிக்கொண்டார். நோட்டை நீட்டினேன். நாற்பத்தொரு அளவையும் பார்த்தார்.

"இதெல்லாம் எப்பங்க பாத்தது?"

"காலைல ஆறு மணிக்குங்க. எந்திரிக்கறதுக்கு முன்னாடி."

"எல்லாமேவா?"

"எல்லாமேதாங்க. ஒருநாள் கூட நேரம் தவறலீங்க."

அவர் பேனாவை மூடினார். "ஐயா, ராத்திரி பூராப் படுத்திருந்தா கால் நீரெல்லாம் வடிஞ்சு மேல போயிருமுங்க. காலைல பாத்தா வீக்கம் தெரியாது. சாயங்காலத்துலதானுங்க தெரியும்" என்றார். கடிந்து சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மகன் என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான்.

உள்ளே போனேன். அவளுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே பேசினாள்.

"நீங்க எதுக்குங்க இப்படி உக்காந்திருக்கறீங்க? நீங்க தெனமும் சரியாத்தான பாத்தீங்க? திடீர்னு வந்துபோச்சு, யாரு என்ன பண்றது?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சரியாகப் பார்க்கவில்லை, நீ சொன்னதுதான் சரி, உன் கால் தினமும் வீங்கியது, உனக்குத் தோன்றியது பொய்யில்லை என்று. நான்கு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. அவள் பேசியதிலேயே களைத்துவிட்டாள், கொஞ்சம் தேறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவைத்தேன். அவளும் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவளை வேறு அறைக்கு மாற்றி, முகம் முழுக்க மூடும் மாஸ்க் போட்டுவிட்டார்கள். ஒருவேளைக்கு ஐந்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். காலை ஐந்து நிமிஷத்தில் மகனுக்கு இடம் விட்டேன். சாயங்கால ஐந்து நிமிஷத்தில் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் கண் பாதி திறந்திருந்தது. பார்வை என் மேல் இல்லை. மாஸ்க்கின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "நான் தப்பான நேரத்துல அளந்துட்டேன் புள்ள. நீ சொன்னதுதான் நெசம்" என்றேன். முகத்தில் அசைவு இல்லை. மாஸ்க்கின் பட்டையைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டு இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்று திரையை இழுத்தார்.

அன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு அவள் போய்விட்டாள். இரண்டு முறை சொன்னதில் ஒரு முறையாவது அவள் காதில் விழுந்திருக்குமா என்று அந்த நர்ஸைக் கேட்டேன். "விழுந்திருக்குமுங்க ஐயா" என்றார். யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.