மஞ்சள் தீர்ந்த பிரிண்டர்

தொம்மலூரில் எங்கள் வீட்டுக்குக் கலர் லேசர் பிரிண்டர் வந்த வாரம் நான் ஆடின ஆட்டம் கொஞ்சமல்ல. மாடி வீட்டம்மாவைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, இனிமேல் பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும், எதுவானாலும் இங்கே வாருங்கள் என்று பெருமையடித்தேன். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம், வெள்ளந்தியான மனிதர்கள். நம்பிவிட்டார்கள்.

சில மாதத்திலேயே மஞ்சள் டோனர் தீரப்போகிறது என்று பிரிண்டர் எச்சரிக்க ஆரம்பித்தது. விலையைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. நாலு கலரையும் மாற்றுகிற காசுக்குப் புதுப் பிரிண்டரே வாங்கிவிடலாம். கருப்புதான் நிறைய இருக்கிறதே, மஞ்சள் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மாடி வீட்டம்மாவின் மகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. தேர்வன்று காலை ஏழு மணிக்கு அம்மாவும் பெண்ணும் ஹால் டிக்கெட் எடுக்க என்னிடம் வந்தார்கள். மஞ்சளை மாற்று என்று சொல்லிப் பிரிண்டர் நின்றுவிட்டது. கருப்பு வெள்ளையில் கொடுத்துப் பார்த்தேன், அணைத்துப் போட்டேன், தலையில் தட்டினேன். பாழாய்ப்போனது அசையவில்லை. ஒரு கலர் தீர்ந்தாலும் மொத்தமும் படுத்துக்கொள்ளும் ரகம் அது என்று அப்போதுதான் தெரிந்தது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடுங்கக்கா, மிஷின்தானே. நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா மகளை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். மிஷின் முன்னாலேயே சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொம்மனஹள்ளியில் தேர்வு மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை திறந்திருந்ததாம். கேட்டை மூடுகிற நேரத்தில் உள்ளே ஓடினாளாம். மாலையில் இதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மறுநாளே மஞ்சள் வாங்கிப் போட்டேன். விலையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இன்னொரு கல்லூரியின் தேர்வுக்கு முந்தின நாள், நானே மாடியேறிப் போய்க் கூப்பிட்டேன். மறுக்காமல் இருவரும் வந்தார்கள். ஹால் டிக்கெட்டில் அவள் போட்டோ பளிச்சென்று வந்திருந்தது. "சூப்பரா இருக்குக்கா" என்றார் அம்மா. அதை வைக்கப் பெண் தன் ஃபைலைத் திறந்தாள். உள்ளே இந்தத் தேர்வுக்கான அதே ஹால் டிக்கெட், கடையில் எடுத்தது, ஏற்கெனவே இருந்தது. அவள் சட்டென்று என்னுடையதை அதன்மேல் வைத்து மூடினாள்.

நான் பிரிண்டரில் பேப்பர் வைக்கிறவள்போல் திரும்பிக்கொண்டேன்.