சிவப்பு நூல் கட்டிய கொத்து

வேகவைத்த அவரைக்காயைச் சல்லடையில் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் செக்கர். நார் மேலே நின்றது. பச்சை விழுது கிண்ணத்தில் இறங்கியது. ஒரு நார் தப்பினாலும் மனைவிக்குப் புரையேறிவிடும் என்பதால் இரண்டாவது தடவையும் வடித்தார். சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மூட்டைகளைச் சரிபார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் செக்கர்தான்.

படுக்கையைத் தலைப்பக்கம் உயர்த்தி ஊட்டினார். ஒரு மாதமாக இரண்டு கரண்டியைத் தாண்டாதவள் அன்றைக்கு நான்கு சாப்பிட்டாள்.

"நல்லா மெத்துனு இருக்கே. நம்ம காய்தானே?"

"நம்ம காய்தான்."

"சுவரோரக் கொடியில ஏழு கொத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க. அது விதைக்கு."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஏங்க, வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கேன்ல?"

ஐந்தாவது கரண்டியையும் ஊட்டினார். சமையலறை மேடையில் நறுக்கிப்போட்ட காம்புகளுக்கு நடுவே ஏழு சிவப்பு நூல்கள் கிடந்தன.

நடந்தது இதுதான். கிடங்கில் சிவப்பு நூல் கட்டிய மூட்டை என்றால் அன்றைக்கே வெளியே எடுக்கவேண்டிய மூட்டை. அந்த நிறத்தைப் பார்த்தால் அவர் கை தானாகப் போகும். தோட்டம் அவள் ராஜ்ஜியம். அவள் படுத்த பிறகுதான் அவர் அதற்குள் நுழைந்தார். வழக்கமாக அவள் கட்டுவது வெள்ளைத் துணிக் கிழிசல். கடைசியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்த அன்று துணி கையில் அகப்படவில்லை. தையல் பெட்டியில் மேலாக இருந்த நூலை எடுத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்ததும், பறிக்கவேண்டியதை அடையாளம் வைத்திருக்கிறாள், எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தார்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள் அவள். கூட வேலை செய்த ஒருத்தி கொடுத்த ஒரு கைப்பிடி விதையில் ஆரம்பித்தது. எல்லோர் வீட்டு அவரையும் உச்சிக் கோடையில் பூவைக் கொட்டிவிடும். இவள் ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்தில் தோட்டத்தில் நின்று, எந்தக் கொடி பூவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பாள். அந்தக் கொடியில், அடியில் முதலில் வந்த கொத்தை விதைக்கு விடுவாள். காய் கொடியிலேயே மஞ்சளாகி, காய்ந்து, ஆட்டினால் சலசலக்கவேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, டப்பாவில் அடைப்பாள். இருபத்தாறு வருஷம் இப்படியே. கடைசியில் கோடை முழுக்கக் காய்க்கிற, ஊதா விளிம்பு வைத்த ஒரு அவரை அவள் கையில் உருவானது. போன வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் விதை எடுக்கவில்லை. டப்பாவில் மிச்சம் இருந்ததில் வண்டு விழாத பதினெட்டைத்தான் இந்த வருஷம் ஊன்றியிருந்தாள்.

மறுநாளே செக்கர் விதை கேட்டுத் தெருவில் இறங்கினார். அவள் விதை கொடுக்காத வீடே இல்லை.

முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்தினார். "அக்கா குடுத்ததா? நல்லாக் காய்ச்சுது, நல்லாச் சாப்பிட்டோம். விதைக்கு யார் விடுறது? அதான் வருஷா வருஷம் அக்கா குடுக்குதே."

எதிர்வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். "ஏன் அண்ணே, அக்காவுக்கு இல்லாத விதையா எங்ககிட்ட இருக்கப்போகுது?" என்று சிரிக்கவும் செய்தாள்.

அதற்கப்புறம் பொய் ஆரம்பித்தது. மஞ்சளாயிடுச்சா என்று கேட்டாள், ஆகுது என்றார். பூச்சி விழலையே என்றாள், விழலை என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிவிடுவதும், முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவதும், பொய் சொல்வதும் நாளின் வேலைகளாயின. மூன்றையும் நேரம் தவறாமல் செய்தார். இருபது நாள் போனது.

படுக்கைப்புண்ணுக்குக் கட்டுமாற்ற வந்த நர்சம்மா அவரை வாசலில் நிறுத்தினாள்.

"என்ன ஐயா, காயைப் பத்திப் பேச்செடுத்தாலே முகம் திருட்டுப் பூனை மாதிரி ஆகுது?"

சொன்னார். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவங்க இருக்கப்போறது கொஞ்ச நாள். அதுக்குள்ள இதைச் சரிபண்ண வழி அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவளுக்குத்தான் தெரியும்."

"அப்ப சொல்லுங்க. மறைக்கிறது அவங்களுக்காக இல்லை. உங்களுக்குச் சுலபமா இருக்கு, அதனால."

அன்று மாலை மனைவியே பொய்க்கு வழியை அடைத்துவிட்டாள்.

"ரெண்டு காய் பறிச்சிட்டு வாங்க. காதுகிட்ட ஆட்டிப் பார்க்கணும்."

வெறுங்கையோடு திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். முழுவதையும் சொன்னார். கிடங்கு, நூல், சல்லடை.

"நானா தின்னேன்?"

"நீதான்."

"நல்லா இருக்குனு வேற சொன்னேனே!"

சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தார். அழுதாள். வைத்தியர் நாள் குறித்தபோதுகூட அழாதவள். தெம்பில்லாமல் அழுகை நடுவில் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அழுதாள். அவர் மூக்கைத் துடைத்துவிட்டார். "தொடாதீங்க" என்றாள். ஆனால் புரட்டிவிடும் நேரம் வந்தபோது தோளைக் கொடுத்தாள்.

விளக்கு போட்டதும் கேட்டாள்.

"இப்பக் கொடியில என்ன இருக்கு?"

"அடிக்காய் தீர்ந்துபோச்சு. உச்சியில கொஞ்சம் பிஞ்சு. நுனி பூரா அசுவினிப் பூச்சி."

"உச்சிக்காய் விதைக்கு ஆகாதுனு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இப்ப அதுவாவது இருக்கே." கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "பூவை எல்லாம் கிள்ளிடுங்க. வளைஞ்சது, மெலிஞ்சது வேணாம். நிமிர்ந்து இருக்கிறதை மட்டும் விடுங்க. அசுவினியை ஈரத்துணியால வழிச்செடுங்க, மருந்து அடிக்காதீங்க. சமையலுக்கு ஒண்ணும் பறிக்கக்கூடாது."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாப்பது நாள்."

வைத்தியர் கொடுத்திருந்த கணக்கில் பத்து நாள்கூட மிச்சமில்லை. அது இருவருக்கும் தெரியும். அவர் போர்வையின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"காய்ஞ்சதும் யாரைக் கேட்பீங்க?" என்றாள்.

"ஆட்டிப் பார்த்தாத் தெரியும்னியே."

"உங்க காதுக்கு அது எங்க கேக்கப்போகுது" என்றாள். அதுதான் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் செக்கர் ஏணியைச் சுவரில் சாத்தினார். கிழிந்த பனியனை நனைத்து ஒவ்வொரு நுனியாக அசுவினியை வழித்தார், விரலெல்லாம் பிசுபிசுத்தது. பூக்களைக் கிள்ளினார். வளைந்த பிஞ்சுகளைக் கிள்ளும்போது மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தார். பதினான்கு நின்றன. கீழே விழுந்ததைக் கூட்டி வேரடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

எட்டு மணிக்கு உள்ளே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவளை இடதுபக்கம் புரட்டினார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, முழுக் கனமும் அவர் கையில் வந்தது. உதடு வறண்டிருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினார்.

"பதினாலு நிக்குது" என்றார்.

அவள் கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. பிறகு முதுகைத் துடைத்துவிட்டு, நர்சம்மாவுக்குப் போன் செய்து வரச் சொன்னார்.