சியாங் மாயில் ஐந்து பேர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சியாங் மாய் விமான நிலையத்தில் இறங்கினோம். தார்நாகா வீட்டைப் பூட்டிக் கிளம்பி, பாங்காக்கில் விமானம் மாறி, பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நான், மனைவி சாரதா, மகன் ரவி, மருமகள் தீபா, ஆறு வயதுப் பேத்தி மீனு. ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து வெளிநாடு போனது 2010 ஜனவரியில்தான் முதல் தடவை. ரவிக்கு எங்கள் ஊர் ஹைடெக் சிட்டியில் வேலை. டிக்கெட் அவன் போட்டது, திட்டம் நான் போட்டது. இந்த வருடம் சியாங் மாய், அடுத்த வருடம் லாவோஸில் லுவாங் பிரபாங், அதற்கடுத்து ஹனோய். விமானத்தில் இதைச் சொன்னபோது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாக்கலாம்பா" என்றான்.

நான் முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசு ஆய்வகத்தில் இருந்தவன். அரசாங்கச் செலவில் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணம் போய் வந்தால் டிக்கெட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒட்டி, யார் யார் போனார்கள் என்று கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. இந்தப் பயணத்துக்கும் ஒரு ஃபைல் போட்டேன். முதல் தாளில் பெயர், வயது, உறவு, 'உடன் வசிப்பவரா?' என்று நான்கு கட்டம். திரும்பி வந்த பிறகுதான் அதை நிரப்புவது என் வழக்கம்.

"கைக்குப்பா இந்த ஃபைலு? யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றான் ரவி. 'எதற்கு' என்பது அவன் வாயில் ஊர் உருதுவாக 'கைக்கு' என்றுதான் வரும்.

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் அந்த ஃபைலால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

பழைய நகரத்தின் அகழிக்கு உள்ளே, தா பே வாசலுக்குப் பக்கத்தில் விடுதி. பாஸ்போர்ட் கேட்டார்கள். ஐந்தையும் வாங்கி, வழக்கம்போல எண்களைக் குறித்துக்கொண்டேன். மீனுவின் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் முழுக்க அமெரிக்க விசா ஒட்டியிருந்தது. ரவியுடையதில் மட்டும் இருந்திருந்தால் ஆபீஸ் வேலை என்று நினைத்திருப்பேன். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன ஆபீஸ் வேலை? மூடிக் கொடுத்துவிட்டேன். அவனே சொல்லட்டும் என்று வீம்பு.

சனிக்கிழமை குடை செய்யும் ஊரான போ சாங். கிழக்கே ஒன்பது கிலோமீட்டர். குழந்தைகளோடு போகிறவர்கள் தவற விடக்கூடாது. மூங்கில் சீவுவதிலிருந்து காகிதம் ஒட்டிப் பூ வரைவது வரை எல்லாம் கண் முன்னால் நடக்கிறது. அத்தனையும் நடந்தது; நான் ரவியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சைவச் சாப்பாடு தேடி அலைந்தோம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையில் நம்பிச் சாப்பிடலாம். அங்கேயும் அவன் சாஸ் நன்றாக இருக்கிறது என்றானே தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தோய் சுத்தேப் மலைக்கோயில். பதினைந்து கிலோமீட்டர், நம் ஷேர் ஆட்டோ போல ஆள் சேர்ந்தால் கிளம்பும் சிவப்பு வண்டியில் தலைக்கு ஐம்பது பாட். ஓட்டுநர் விரலால் எங்களை எண்ணினார். "ஃபைவ்? ஒன் ஃபேமிலி?"

"யெஸ், ஒன் ஃபேமிலி" என்றேன். ரவி தலையைக் குனிந்துகொண்டான்.

படிகள் முந்நூறுக்கு மேல். மூட்டு வலிக்காரர்களுக்கு மலை டிராம் உண்டு. அந்த வரிசையில் நிற்கும்போது சாரதாவிடம் மீனுவின் விசாவைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தீபாவளிக்கே சொல்லிட்டான். உங்ககிட்ட டூர் முடிஞ்சு சொல்றேன்னான். முன்னாடியே தெரிஞ்சா நீங்க வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இன்னும் வலித்தது.

மேலே பொன் தகடு போர்த்திய கோபுரத்தை எல்லோரும் தாமரை மொட்டோடு சுற்றுகிறார்கள். சுற்றிலும் வரிசையாக வெண்கல மணிகள். "தாத்தா, நேனு கூடா கண்ட்ட கொட்டாலி!" என்று மீனு என் விரலை இழுத்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற குழந்தை. அங்கே போய் எந்த மொழியில் பதில் சொல்வாளோ. தூக்கிப் பிடித்தேன், ஒரு மணி விடாமல் அடித்தாள்.

நகரம் முழுக்கத் தெரியும் தளத்தில் ரவி பக்கத்தில் வந்து நின்றான். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மார்ச்சுல கிளம்பணும்பா. மூணு வருஷம்தான். டென்ஷன் நக்கோ, கவலப்படாதீங்க."

மூன்று வருடம் என்று போனவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் உண்டு. அவர்களுடைய அப்பாக்களோடுதான் நான் தினமும் காலையில் நடக்கிறேன். அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல் இருந்தது. "வண்டிக்கு நேரமாச்சு" என்றேன்.

இந்த ஊருக்கு நான்கு நாள் போதும். நாளுக்கு ஓர் இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் அடுத்த வருடத் திட்டத்தைச் சொல்லாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தார்நாகா திரும்பினோம். போனபோது ஐந்து பேர், வந்தபோது ஐந்து பேர் என்று போர்டிங் பாஸ்களை ஒட்டினேன். முதல் தாளை எடுத்து ஐந்து பெயர்களையும் எழுதினேன். 'உடன் வசிப்பவரா?' என்ற கட்டத்தில் ஐந்து தடவை 'ஆம்' என்று போட்டுக் கீழே தேதி எழுதினேன். அன்றைய தேதிக்கு அது உண்மைதான்.