தெரசாவின் பாட்டும் நவநீதன் காதும்

கடத்தூரில் உரக்கடைக்கு மேலே நவநீதனுக்கு ஓர் அறை உண்டு. அந்தப் பக்கத்தில் யார் பாட்டுப் பதிவு செய்தாலும் அங்கேதான் கொண்டுவருவார்கள். குரலையும் மேளத்தையும் கூட்டிக் குறைத்து, வெளியில் விடுவதற்கு முன் செய்கிற கடைசிப் பக்குவம் அவன் கையில். மாஸ்டரிங் என்பார்கள். மாரியம்மன் பாட்டோ மாதா பாட்டோ, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். பழைய கம்ப்யூட்டர், தேய்ந்துபோன ஹெட்போன், அவ்வளவுதான் சாமான்.

படியேறி வருகிறவர்கள் முதலில் அந்தச் சாமானைத்தான் பார்ப்பார்கள். பார்த்ததும் முகம் சுருங்கிவிடும். தருமபுரியில் ராஜப்பன் திறந்த ஸ்டுடியோவில் கலர் விளக்கு எரிகிறதாம், பெங்களூரிலிருந்து மெஷின் வந்து இறங்கியிருக்கிறதாம். கேட்கக் கேட்க நவநீதனுக்குக் குமட்டும். மெஷின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கத்தான் பாதிப் பேர் பாடவே கிளம்பியிருக்கிறார்கள். த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

"மெசினாய்யா பாட்டக் கேக்குது? காதுதான் கேக்குது. அத எந்தக் கடையில விக்கிறான்?" என்பான். பிடித்தால் உட்காரலாம், பிடிக்காவிட்டால் வந்த படி அங்கேயேதான் இருக்கிறது.

அப்படிப்பட்டவனிடம்தான் தெரசா வந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிற பெண். அவள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் யாரோ எங்கேயோ பாடிய பாட்டைத்தான் போடுவார்கள். இந்த வருஷம் அவளே எழுதி, அவளே பாடியிருந்தாள். கொடியேற்றத்தன்று மைக் செட்டில் போடப் பங்குச் சாமியாரும் சம்மதித்துவிட்டார். ராஜப்பனிடம் போ என்று அண்ணன்மார் சொன்னதைத் தட்டிவிட்டுத் தன்னிடம் வந்தாளே என்று நவநீதனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கொடியேற்றத்துக்கு அவனும் போனான். கொடி ஏறியதும் குழாய் ஸ்பீக்கரில் தெரசாவின் பாட்டைப் போட்டார்கள். அவன் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனால் ஜனங்கள் காதைப் பொத்துகிறார்கள்! கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. "அய்யோ, நிறுத்துங்கய்யா! காதுல ஊசி குத்துது" என்று ஒரு பெண் கத்தினாள். உபதேசியார் இன்னாசி ஓடிப்போய் மைக் செட்காரரின் தோளைத் தட்டினார். பாட்டு பாதியில் நின்றது, பழைய பாட்டு கிளம்பியது. தெரசா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! ரசனை கெட்ட ஜனம் என்று கறுவிக்கொண்டே நவநீதன் வண்டியை எடுத்தான்.

மறுநாள் பொழுது சாய, வயலோரத்து வீட்டில் உட்கார்ந்து ஊரையே வைதுகொண்டிருந்தபோது அவன் மனைவி கோகிலவாணி சொன்னாள்: "ஏங்க, அந்தச் சன்னலச் சாத்துங்க. சில்வண்டு காதப் பொளக்குது."

"ஏது சில்வண்டு? மருந்தடிச்சு மருந்தடிச்சு அதெல்லாம் செத்து எத்தன வருசமாச்சு!"

"என்னாங்க சொல்றீங்க? தெனமும்தான் கத்துது. இப்பக்கூடக் கத்துதே, கேக்கலீங்களா?"

நவநீதன் எழுந்து வரப்புவரை போய் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் விளங்கியது. மாஸ்டரிங்குக்கு வரும்முன் அவனுக்கு மைக் செட் வேலை. புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு, பாடுகிறதா என்று பார்க்க அதன் வாய்க்குள்ளேயே காதைக் கொடுப்பார்கள். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற மடத்தனம் அது. அந்த அலறலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காது கெட்டு, இப்போது கீச்சுச் சத்தம் எதுவும் அவனுக்கு ஏறுவதில்லை. பதிவில்தான் குறை என்று நினைத்துத் தெரசாவின் பாட்டில் அதைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறான். காது, காது என்று வாய் கொழுத்துப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து, தன் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

தெரசாவை வரச்சொல்லி உள்ளதைச் சொன்னான். அவள் இரக்கப்படவில்லை.

"அப்பறம் எதுக்குங்க காது காதுன்னு பேசுனீங்க? தேரன்னிக்கி ஒருக்காப் போடறோம்னு சாமியாரு சொல்லியிருக்காரு. அதுவும் கெட்டுச்சுன்னா இனிமே என் பாட்ட யாரும் தொடமாட்டாங்க."

"நீயே கேட்டுச் சொல்லும்மா. நீ சொன்ன எடத்துல நிறுத்தறேன்."

பஞ்சு பிய்ந்து பிசுபிசுத்த ஹெட்போனை அருவருப்போடு துடைத்து மாட்டிக்கொண்டாள். "கொறைங்க" என்றாள். குறைத்தான். "இன்னும்." குறைத்தான். "இன்னும் கொஞ்சம். ஆங், இப்பத்தான் என் கொரலு மாதிரி இருக்குது."

வாங்கிக் கேட்டான். வாயில் துணியைத் திணித்துப் பாடுகிற மாதிரி இருந்தது. சீ, இதுவும் ஒரு பாட்டா! ஏற்றிவிடக் கை துறுதுறுத்தது. ஏற்றாமல் அப்படியே கொடுத்தான்.

தேரன்று அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஒருவரும் காதைப் பொத்தவில்லை. இன்னாசியே இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறைக்குள் பெண்கள் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். தேருக்குப் பக்கத்திலிருந்து தெரசா இவனைப் பார்த்துச் சிரித்தாள். இவனும் தலையாட்டினான். எந்த வரி ஓடுகிறது என்பதை அந்தப் பெண்களின் வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.