கண்ணாடியில் விழுந்த முகம்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை எனக்கு. ஒரு போட்டோ எடுத்ததற்கு இப்படியா கத்துவார் ஒரு மனுஷர்?

கண்டனூரில் கல்யாணம். பெண் வள்ளியம்மை, என் தங்கையின் சிநேகிதி. பினாங்கில் வாழப்போகிறவள். ஹாலில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடி ஓரமாகத் தன்னை ஒரு படம் எடுக்கும்படி ஸ்டூடியோக்காரரைக் கேட்டிருக்கிறாள். “ஃபிளாஷ் அடிச்சா கண்ணாடியில வெளிச்சம்தான் விழும்” என்று அவர் மறுத்துவிட்டார்.

அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது அவளுக்கு. என்னிடம் இருப்பது பெட்டி மாதிரி ஒரு பழைய பாக்ஸ் கேமரா. ஃபிளாஷ் கிடையாது. அதனால் என்ன? முற்றத்து வெயில் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது. கேமராவை அதன்மேல் வைத்து, ஷட்டரைச் சற்று நேரம் திறந்து வைத்தால் போதும். கேமராவும் ஆடக்கூடாது, ஆளும் ஆடக்கூடாது... அவ்வளவுதான் வித்தை!

“அண்ணே, ஸ்டூலைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க” என்றாள். நான் கண்ணாடியில் விழாமல் இருக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

“மூச்சுக்கூட விடாதே!” என்று உரக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

போன வாரம் பிரிண்ட் வந்தது. பார்த்தவன் ஆடிப்போனேன். கண்ணாடிக்குள் இன்னொரு முகம்!

பெண்ணின் அம்மா. எதிர் அறைக் கதவோரம் நிற்கிறார். புருஷனை இழந்தவராம். அதனால் ஒரு படத்துக்கும் கூப்பிடாமல் உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பெற்ற மகளின் கல்யாணத்தில்!

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வள்ளியம்மையின் பெரியப்பா பிடுங்கிப் பார்த்தார்.

“நல்ல காரியத்துப் படத்துல இவுகளா? என்னய்யா செஞ்சு வச்சிருக்கீக?” என் கண்ணெதிரிலேயே பிரிண்டை இரண்டாகக் கிழித்தார்.

வள்ளியம்மைதான் பேசினாள். “அண்ணனை வையாதீக. ஆத்தாவை அங்க நிக்கச் சொன்னதே நான்தான். அடுத்த வாரம் கப்பலேறப் போறேன்... அவுக முகத்தை அங்கிட்டு யாருகிட்டப் போய்க் கேப்பேன்?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நெகட்டிவ் என்னிடம்தானே இருக்கிறது? நேரே காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். பெரிதாக ஒரு பிரிண்ட் போடச் சொன்னேன்.

பெரிதாக்கியதில்தான் தெரிந்தது. வள்ளியம்மையின் முகம்கூட லேசாக ஆடியிருக்கிறது. அந்த அம்மாவின் முகம்... துளி அசைவில்லை.

கதவோரத்தில் அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்!