ஒரே போத்தலில் போன தூள்

போர்க்காலத்தின் கடைசி வருடங்கள். கொழும்பு பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எங்களை இறக்கினார்கள். என் பையில் இரண்டு சின்னப் போத்தல்கள். எட்டு மாதமாகப் பல்கலைக்கழகக் கெம்பஸ் ஆய்வுகூடத்தில் நான் செய்த இரும்புத் துகள்கள். கண்ணால் தனித்தனியே பார்க்க முடியாத அளவு நுண்ணியவை. வெறும் துகள் காற்றுப் பட்டால் துருப்பிடித்துக் காந்தசக்தி போய்விடும். அதனால் பாதிக்குச் சிலிக்காப் பூச்சு ஏற்றியிருந்தேன். பூசியது ஒரு போத்தலில், பூசாதது மற்றதில், இரண்டும் ஸ்பிரிட்டில் மூழ்கியபடி. கொழும்பில் காந்தசக்தியை அளக்கும் மெஷினில் அன்று பதினொரு மணிக்கு எனக்கு நேரம். தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. நான் சிங்களத்திலேயே படபடவென்று விளக்கினேன். அதுதான் நான் செய்த பிழை.

"அடையாள அட்டையில தமிழ். இவ்வளவு நல்லா சிங்களம் எங்க படிச்ச?"

சிங்கள ஊர்கள் சூழ்ந்த நிவித்திகலத் தோட்டத்தில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கடையும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் எங்களுக்குச் சிங்களத்தில்தானே!

துணைக்கு வந்த அப்பா, "மாத்தயா, எம் புள்ள கெம்பஸ்ல படிக்குதுங்க" என்று கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அரைகுறையாப் பேசிட்டு நிக்கவேண்டியதுதானே? நல்லாப் பேசினா புலி அனுப்பின ஆளுன்னு நெனைப்பாங்க. நம்ம ஆளுங்க எல்லாம் அப்பிடித்தானே தப்பிச்சுப் போறோம்" என்று கிசுகிசுத்தார். அவர் கும்பிட்டதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அதிகாரி இரண்டு போத்தலையும் திறந்து பத்திரிகைத் தாளில் அருகருகே கொட்டினார். மேலிடத்துக்கு டெலிபோன் எடுத்தார். வெயிலில் நின்றோம். ஸ்பிரிட் காய்ந்தது. பூசாத குவியல் கண்ணெதிரே பழுப்பேறியது. பூசிய குவியல் மணி பன்னிரண்டாகியும் கறுப்பாகவே கிடந்தது. என் பூச்சு தாக்குப்பிடித்துவிட்டது! எட்டு மாதமாக நான் பார்க்க ஏங்கியதை, எழுதிவைக்க ஒரு பேனாகூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பையும் பேனாவும் அவர்கள் மேசையில்.

"சரி, போங்க" என்றார் கடைசியில். ஒரு காகித மட்டையால் இரண்டு குவியலையும் சேர்த்து வழித்து ஒரே போத்தலில் போட்டு நீட்டினார்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணும் குறையல்ல."

திரும்பி வந்ததும் கெம்பஸில் ஒரு படிவம் தந்தார்கள். ஆய்வு மாதிரி பயன்படாமல் போன காரணம்: 'கையாளும்போது கலந்துவிட்டது' என்று எழுதினேன். கையாண்டது யார் என்று அதில் கேட்டிருக்கவில்லை. கீழே கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டியிருந்தது.